உடைசல் இல்லாத ஊர்

சிறுதொழில் கடன் விண்ணப்பத்துடன் இணைக்கப்படும் தொழில் திட்டத்தை விண்ணப்பதாரர் தாமே எழுத வேண்டும். அதன் ஒவ்வொரு பகுதியையும் அவர் புரிந்துகொண்டிருக்கிறார் என்பதை அலுவலர் நேரில் விசாரித்து உறுதி செய்துகொள்ள வேண்டும். இது விதி. நான் வேலையில் சேர்ந்த அன்று கொடுத்த கையேட்டில் இருந்தது. ஓய்வு பெற்றபோது நான் திருப்பிக் கொடுத்த கையேட்டிலும் இருந்தது. இடைப்பட்ட காலத்தில் எனக்குத் தெரிந்து ஒரே ஒரு முறைதான் அது கடைப்பிடிக்கப்பட்டது. அதுவும் தட்டச்சர் ஊரில் இல்லாத காரணத்தால்.

எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் விருத்தாசலத்தில் என் வேலை, பீங்கான் தொழிற்பேட்டைக்காரர்கள் தரும் விண்ணப்பங்களைப் படித்துக் குறிப்பெழுதி மேலே அனுப்புவது. அலுவலகத்துக்கு எதிரே ஒரு தட்டச்சுப் பயிலகம் இருந்தது. அதை நடத்தியவரிடம் எப்போதோ, எங்கிருந்தோ ஒரு தொழில் திட்டம் வந்து சேர்ந்திருந்தது. தொழிற்பேட்டை முழுவதற்கும் அந்த ஒரே திட்டம்தான். பெயர், கொட்டகை எண், தயாரிக்கும் பொருள் ஆகிய மூன்றை மட்டும் மாற்றுவார். சில சமயம் மூன்றாவதை மறந்துவிடுவார். அகல் விளக்கு செய்யும் ஒருவரின் திட்டத்தில் 'நெல்லை ஊறவைத்தல்' என்று ஒரு கட்டம் வந்தது. மேலே யாரும் கேட்கவில்லை. கடனும் கிடைத்தது.

அந்தத் திட்டங்கள் அனைத்திலும் மாறாத ஒரு வரி உண்டு: 'உடைசல்: இல்லை.' செய்வது பீங்கான். மேலே இருந்தவர்கள், விருத்தாசலத்துப் பீங்கான் உடையாது என்று நம்பியிருக்க வேண்டும், அல்லது அந்த வரியைப் படிக்காமலே இருந்திருக்க வேண்டும். இரண்டில் எது என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

ஒரு தை மாதக் கடைசியில் கணவனும் மனைவியுமாக இருவர் வந்தார்கள். தொழிற்பேட்டையில் வாடகைக் கொட்டகை. ஊறுகாய் ஜாடி செய்பவர்கள். மேல் பாதி பழுப்பும் கீழ்ப் பாதி வெள்ளையுமாக, உள்ளே நூறு எலுமிச்சை கொள்ளும் பெரிய ஜாடி. கணவர் மண் கரைத்து அச்சில் ஊற்றுவார். காயவைப்பதும் மெருகுப் பூச்சும் அந்த அம்மாள் பொறுப்பு. பேச்சும் பெரும்பாலும் அம்மாள் பொறுப்புதான்.

"டைப்பு அடிக்கிறவரு எங்க சார்? கடை பூட்டிக் கெடக்குது."

"திட்டக்குடியில மகளுக்குப் பிரசவம். வர நாளாகும்."

"நாளாவுமா? பாண்டிச்சேரி யாவாரி நிக்கமாட்டாரே சார்!"

விஷயம் இதுதான். புதுச்சேரியில் ஊறுகாய் மொத்த வியாபாரம் செய்யும் ஒருவர் இவர்களுடைய ஜாடியை ஆண்டு முழுவதும் வாங்கத் தயாராக இருந்தார். போன மழைக்காலத்தில் இவர்களால் கேட்ட அளவு கொடுக்க முடியவில்லை. வரும் மழையிலும் கொடுக்கவில்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். சொந்தமாக ஒரு சூளை இருந்தால் கொடுத்துவிடலாம் என்பது கணவரின் முடிவு. ஈடாகக் காட்ட இருந்தது ஒரே ஒரு வீடு. நல்லூர் சாலையில், அந்த அம்மாளின் அப்பா மகள் பேரில் எழுதிவைத்தது. அவர்கள் குடியிருந்ததும் அதில்தான். சூளை ஏமாற்றினால் வீடு போகும். வீடு போனால் கொட்டகையில் ஜாடிகளுக்கு நடுவில்தான் படுக்கை.

"திட்டத்த நீங்களே எழுதலாம்" என்றேன். "ரூலே அப்படித்தான் இருக்குது."

"ரூல்னு ஒண்ணு இருக்குதா சார்?" என்று கணவர் கேட்டார். கேலி இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அவர் கையெழுத்து அழகானது. என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து எழுதத் தொடங்கினார். என்ன பொருள், எங்கே மண், எத்தனை ஆள், யாருக்கு விற்பனை என்று நான் ஒவ்வொரு தலைப்பாகக் கேட்க, அந்த அம்மாள் பதில் சொல்ல, அவர் எழுதினார். தட்டச்சரின் திட்டத்தைவிட இது சுவையாக இருந்தது. இதில் ஜாடி இருந்தது.

"அடுத்தது உடைசல். நூத்துக்கு எத்தனன்னு போடணும்."

பேனா நின்றது. அந்த அம்மாள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"அத வுட்டுட்டு அடுத்தது கேளுங்க சார்."

"விட முடியாதும்மா. கட்டாயம்."

"ஊத்தியிருக்குது சார்."

எனக்குப் புரியவில்லை.

"அச்சுல ஊத்தியிருக்குது. அது சூளைக்குப் போயி வெளிய வர வரைக்கும் அந்த வார்த்தைய நாங்க சொல்றதில்ல. நீங்க சொல்லிட்டீங்க. உங்களுக்குத் தெரியாது, போவட்டும்."

அந்தக் கொட்டகை வரிசையில் பலருக்கு இந்த வழக்கம் இருந்தது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அச்சில் ஊற்றிய நாள் முதல், சரக்கேற்றிய சூளை வண்டி நெருப்பிலிருந்து வெளியே வரும் வரை உடைவதைப் பற்றிப் பேசக் கூடாது. வந்த பிறகும் 'உடைஞ்சுது' என்று சொல்ல மாட்டார்கள். 'சூளை எடுத்துக்கிச்சு' என்பார்கள். தட்டச்சர் பொய் எழுதியதாகத்தான் அதுவரை நினைத்திருந்தேன். அவர் முதலில் எப்போதோ கேட்டிருக்கிறார்; யாரும் பதில் சொல்லவில்லை; 'இல்லை' என்று அடித்திருக்கிறார். பதில் இல்லை என்ற பொருளில் அது சரியான தகவல்தான்.

"அப்ப என்னைக்குத்தான் பேசுவீங்க?"

"வண்டி எறக்கற அன்னிக்கு. அன்னிக்கு அச்சு எல்லாம் காலியா வெயில்ல கெடக்கும். பொழுது சாயற வரைக்கும் என்னா வேணா பேசலாம். மறுநா ஊத்திடுவோம்."

நான் வாழ்நாள் முழுவதும் நடைமுறைகளோடு குடித்தனம் நடத்தியவன். இன்னொருவருடைய நடைமுறையைக் கண்டால் மரியாதை கொடுக்கத் தெரியும். நேரடி விசாரணைக்கான நாள் என்ற இடத்தில் 'வண்டி இறங்கும் நாள்' என்று எழுதிக்கொண்டேன்.

தொழிற்பேட்டையில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு சூளை. சுரங்கம்போல நீளமானது. உள்ளே நெருப்பு அணைவதே இல்லை. தண்டவாளத்தில் வண்டிகள் ஒரு வாயில் வழியாக மெதுவாகப் போய் மறுவாயில் வழியாக வரும். ஒவ்வொரு கொட்டகைக்கும் முறை உண்டு. முறை வந்தால் சரக்கை ஏற்ற வேண்டும். விட்டுவிட்டால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். முறையை விடுவது அங்கே தொழிலை விடுவதற்குச் சமம். கல்யாண நாளைக்கூட முறை பார்த்துத்தான் வைப்பார்கள்.

மாசி மாதம் அவர்களுடைய வண்டி வெளியே வந்த அன்று போனேன். மாசி மகத் தேர் பார்க்கத் திட்டக்குடிக்கு அந்தப் பக்கத்து மங்களூரிலிருந்தெல்லாம் வந்து இறங்கிய கூட்டத்தில் பஸ் நிலையத்தைத் தாண்டுவதே பெரும்பாடாக இருந்தது. ஜாடிகளின் சூடு இன்னும் போகவில்லை. கணவர் துணியைச் சுற்றி ஒவ்வொன்றாக இறக்கி விரல் முட்டியால் தட்டினார். முழு ஜாடி மணிபோலக் கேட்கும். விரிசல் விட்டது தகரம்போல. இரண்டுதான் தகரம்.

"பாருங்க சார், ரெண்டே ரெண்டு" என்றார். "எழுதிக்கலாம்."

"பன்னண்டு மாசத்துக்கும் தனித்தனியா எழுதணும்."

எனக்கு அதில் தனி ஆர்வம் ஒன்றும் இல்லை. படிவத்தில் பன்னிரண்டு கட்டங்கள் இருந்தன. கட்டம் இருந்தால் நிரப்ப வேண்டும்.

கொட்டகை வாசலில் கவிழ்த்துப்போட்ட பெட்டி மேல் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். மாசி, பங்குனி, சித்திரை எல்லாம் சுலபமாக வந்தன. இரண்டு, ஒன்று, மூன்று. ஆவணியில் கொஞ்சம் கூடியது. ஐப்பசி வந்ததும் கணவர் பேனாவை உதறிப் பார்த்தார். அதில் மை நன்றாகத்தான் இருந்தது.

"ஐப்பசியில கொஞ்சம் அதிகந்தான் சார். பாதின்னு வைங்க."

"பாதியா?" என்றார் அந்த அம்மாள். "பாதிக்கு மேல சார். நான் பாக்கக் கூடாதுன்னு இவரு கொட்டகைக்குப் பின்னால குழி வெட்டிப் பொதச்சாரு. நான் பூச்சு வாளிய கழுவறாப்புல நின்னு பாத்துக்கினேதான் இருந்தேன்."

"பாத்தியா?"

"மூணு குழி."

"கார்த்திகை?" என்று கேட்டேன்.

"அதுலயும் அப்பிடித்தான்" என்றார் கணவர். "பொதுச் சூளை சார். எவன் நெருப்ப பாக்கறான்? பீடி குடிக்கத்தான் எல்லாரும் வரான்."

"மாசியிலயும் அதே சூளைதான்" என்றார் அந்த அம்மாள்.

வாசலில் அச்சுகள் வெயிலில் வெள்ளையாகக் கிடந்தன.

"அதே ஆளு, அதே பீடி" என்று அவரே தொடர்ந்தார். "ஐப்பசியில ஜாடியோட அடி காயல. காயாததத்தான் ஏத்தினோம்."

"முறை வந்துச்சு, ஏத்தினோம். வுடச் சொல்றியா?"

"நான் ஒண்ணும் சொல்லல. நீங்க எழுதுங்க."

இதில் எதுவும் அவர்களுக்குத் தெரியாததில்லை. ஈரமான பாத்திரம் நெருப்பில் விரியும் என்பது அந்தத் தொழிற்பேட்டையில் திரியும் ஆட்டுக்குக்கூடத் தெரியும். ஆனால் ஐப்பசியில் வண்டி இறங்கிய அன்று அவர் குழி வெட்டிக்கொண்டிருந்தார், இவர் வாளி கழுவிக்கொண்டிருந்தார். மறுநாள் அச்சில் ஊற்றிவிட்டார்கள், பேச்சு மூடிவிட்டது. மாசியில் நன்றாக வந்தபோது ஐப்பசியை நினைக்க யாருக்கும் மனம் இல்லை. ஐப்பசியும் மாசியும் அடுத்தடுத்து உட்கார்ந்தது அந்தத் தாளில்தான். வாய்ப்பேச்சுக்கு நல்ல நாள், கெட்ட நாள் உண்டு. பன்னிரண்டு கட்டம் போட்ட தாளுக்கு அந்த நாகரிகம் தெரியாது. சிறுதொழிலுக்கு எழுத்தில் ஒரு திட்டம் ஏன் வேண்டும் என்று பயிற்சி வகுப்புகளில் எனக்குப் பக்கம் பக்கமாகச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இந்தக் காரணம் மட்டும் அவற்றில் இல்லை.

"அதான் சொந்தச் சூளை வேணுங்கறேன்" என்றார் கணவர். வழி கண்டுவிட்ட தெம்பு அவருக்கு. "நம்ம சூளைன்னா காயற வரைக்கும் காத்திருப்போம். எவன் கேப்பான்?"

"சூளை கேக்காது. பேங்கு கேக்குமே?" அந்த அம்மாள் என் பக்கம் திரும்பினார். "மழ பேஞ்சா தவண வேணாம்னு சொல்லுவாங்களா சார்?"

"அப்படி ரூல் இல்ல."

"பாத்தீங்களா. ஜாடி காய சூளை எதுக்கு? காயறதுக்கு ஒரு எடந்தான் வேணும்."

"நாலு பேரு சொந்தச் சூளை போட்டுட்டான். நாம மட்டும் வண்டிக்குக் காத்துக்கெடக்கணும்."

"நாலு பேரு வூடு நாலு பேரோடது. இது எங்கப்பா குடுத்தது."

அன்று பொழுது சாய்வதற்குள் அவர்கள் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். சூளைக்கான விண்ணப்பம் போகட்டும். உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பலாம். பதில் வரும்வரை வீட்டுப் பத்திரம் பெட்டியிலேயே இருக்கும். "பதில் வரட்டும்" என்றார் அந்த அம்மாள். "அதுக்குள்ள ஒரு மழய பாத்துடுவோம்." எங்கள் அலுவலகத்தின் வேகத்தை அவர் சரியாகவே கணித்திருந்தார்.

பேரன் பிறந்த சந்தோஷத்தோடு திரும்பி வந்த தட்டச்சர், அனுப்புவதற்கு முன் அந்தக் கையெழுத்துத் திட்டத்தை என் மேசையில் பார்த்துவிட்டார்.

"ஐப்பசியில பாதிக்கு மேல போவுதுன்னு எழுதியிருக்குது. இது கடன் கேக்கற தாளா, ஒப்பாரியா சார்?"

"உண்மைய எழுதியிருக்காங்க."

"உண்மைக்கு எவன் சார் கடன் குடுக்கறான்? நான் கொஞ்ச நாளு ஊர்ல இல்ல, ஆபீஸே கெட்டுப் போச்சு."

நான் அதை அப்படியே அனுப்பினேன். விண்ணப்பதாரர்கள் திட்டத்தை முழுமையாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்று குறிப்பும் எழுதினேன். அந்த வாக்கியத்தைப் பல ஆண்டுகளாக எழுதிவந்தவன்தான். எழுதும்போது அது உண்மையாகவும் இருந்தது அந்த ஒரு முறைதான்.

பங்குனி போனது, சித்திரை போனது. நினைவூட்டுக் கடிதம் அனுப்பினேன். அது கிடைக்கப்பெற்றதாக ஒரு கடிதம் வந்தது. அதைப் பதில் என்று கணக்கில் எடுத்துக்கொள்ள முடியாது. இதற்கிடையில் கொட்டகையின் மேற்குச் சுவரை ஒட்டி தகரக் கூரையோடு ஓர் அறை எழும்பியது. தூக்கிப்போட்ட பழைய சூளைக் கற்களில் சுவர். உள்ளே பனஞ்சட்டத்தில் அடுக்குப் பலகைகள். மூலையில் ஓர் உமி அடுப்பு, அனல் மட்டும் பரவும்படி. உமிக்கு அந்தப் பக்கத்தில் பஞ்சமில்லை. கணவர் அதைக் கட்டினாரே தவிர, அது சூளை வரும்வரைக்கும்தான் என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஐப்பசியில் மழை பிடித்தது. மணிமுத்தாற்றில் செந்தண்ணீர் ஓடியது. அவர்களுடைய முறை வந்த அன்று, தணிக்கைக்காக நான் தொழிற்பேட்டையில் இருந்தேன். அந்த அம்மாள் தகர அறையிலிருந்து ஒரு ஜாடியை எடுத்து அதன் அடியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். காய்ந்திருந்தால் கன்னத்தில் ஒன்றும் தெரியாது. ஈரம் இருந்தால் சில்லென்று இருக்கும். கணவரிடம் நீட்டினார். அவரும் கன்னத்தில் வைத்தார். இன்னொரு கன்னத்திலும் வைத்துப் பார்த்தார். பிறகு போய், பக்கத்துக் கொட்டகைக்காரரிடம் தன் முறையை எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

பக்கத்துக் கொட்டகைக்காரர் நம்பவில்லை. "என்னாங்க மாமா, முறைய வுட்டுட்டீங்க? கடைய மூடியாச்சா, இல்ல கோடீஸ்வரன் ஆயிட்டீங்களா?"

"எடுத்துக்கோ. பேசாத."

"தகரக் கொட்டாயில கோழி வளக்கறதா கேள்விப்பட்டேன். முட்ட கிட்ட இருந்தா சொல்லுங்க."

கணவர் தகர அறைக்குள் போய் உமி அடுப்பைக் கிளறினார். புதுச்சேரிக்காரர் ஆள் அனுப்பிக் கேட்டபோது, கார்த்திகையில் தருவதாக மட்டும் சொன்னார். கார்த்திகையில் வரிசையின் கடைசியில் அவர்களுக்கு வண்டி கிடைத்தது. எல்லாமே பெரிய ஜாடிகள். ஏற்றிய அன்றும் மழைதான். அந்த வண்டியில் பாதி போனால் புதுச்சேரி வியாபாரம் போகும். பிறகு மிச்சமிருப்பது சூளையும் வீட்டுப் பத்திரமும்தான். இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது.

வண்டி உள்ளே இருந்தபோது மேலேயிருந்து பதில் வந்தது. முழுவதும் படித்தேன். 'உடைசல்: இல்லை' என்ற அந்த வரியை அவர்கள் படித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள் என்பது அப்போது தெரிந்தது. கடிதம் சொன்னது இது: தங்கள் பகுதியிலிருந்து பெறப்பட்ட பிற திட்டங்கள் அனைத்திலும் உடைசல் இல்லை எனக் காட்டப்பட்டிருக்க, இந்த விண்ணப்பதாரருக்கு மட்டும் உடைசல் ஏற்படுவதற்கான காரணம் விளங்கவில்லை. பிறரைப் போலத் திருத்தி அனுப்பினால் சூளைக்கான கடன் உடனே பரிசீலிக்கப்படும். 'உடனே' என்ற சொல்லுக்குக் கீழே கோடு போட்டிருந்தது.

குடையோடு தொழிற்பேட்டைக்குப் போனேன். சூளையின் மறுவாயிலுக்கு எதிரே இருவரும் நின்றிருந்தார்கள்.

"பதில் வந்திருக்குது" என்றேன். "ஒரு வார்த்தைய மாத்தினா கடன் கெடைக்கும்."

கணவர் கையை நீட்டினார். "எந்த வார்த்த சார்?"

"சார்!" என்று அந்த அம்மாள் குறுக்கே வந்தார். "வண்டி உள்ள இருக்குது. அத இப்ப படிக்காதீங்க. மடிச்சி வைங்க."

மடித்து வைத்தேன். கணவர் என் சட்டைப் பையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சூளைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வண்டி மறுநாள் வெளியே வந்தது. நான் போனபோது அவர் தட்டத் தொடங்கியிருந்தார். அவசரமே இல்லாமல், ஒவ்வொரு ஜாடியையும் இரண்டு பக்கமும் தட்டினார். மணி. மணி. ஒன்று தகரம், ஓரமாக வைத்தார். பிறகு மணி. மழைச் சத்தத்தில் கேட்காமல் போய்விடுமோ என்று காதை ஒட்டி வைத்துக்கொண்டு தட்டினார். கடைசி வரிசையில் இன்னும் இரண்டு தகரம் வந்தது. அவ்வளவுதான். பக்கத்துக் கொட்டகைக்காரர் தன் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றவர், கோழியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. உமி எங்கே வாங்குகிறீர்கள் என்று கேட்டார்.

அப்போதுதான் கடிதத்தை எடுத்துப் படித்தேன். உடைசல் இல்லாத மற்றவர்கள் என்ற இடம் வந்ததும் அந்த அம்மாள் பக்கத்துக் கொட்டகைக்காரரைப் பார்த்துச் சிரித்தார். அவரும் சிரித்தார், அவருடைய திட்டமும் தட்டச்சர் அடித்ததுதான். கணவர் சிரிக்கவில்லை.

"இல்லைன்னு எழுதிட்டா சூளை குடுத்துடுவாங்களா சார்?"

"குடுத்துடுவாங்க."

கையிலிருந்த ஜாடியை மறுபடி ஒரு முறை தட்டிப் பார்த்தார்.

"மூணு போச்சுன்னு எழுதிக்குங்க சார், கார்த்திகை கட்டத்துல. சூளை வேணாம்." மனைவியிடம் சொன்னார்: "பத்திரத்த எடுத்து உள்ள வச்சிடு."

"அத எவ வெளிய எடுத்தா?" என்றார் அந்த அம்மாள்.

விண்ணப்பதாரர் விலகிக்கொள்வதாக அன்றே மேலே எழுதினேன். உடைசலுக்கான காரணம் என்ற கேள்விக்கு 'மழை' என்று ஒரே சொல்லில் பதில் கொடுத்தேன். அதற்குமேல் யாரும் விளக்கம் கேட்கவில்லை. கோப்பை மூடும்போது மேலிடத்தின் பதில் கிடைத்த நாளை மேலுறையில் குறிக்க வேண்டும் என்பதும் ஒரு விதி. அந்த அம்மாள் சொன்னபடி அதற்குள் ஒரு மழையைப் பார்த்தாகிவிட்டது. குறித்தேன்: திருக்கார்த்திகை தீபத்துக்கு முதல் நாள், பிற்பகல்.